நான் பூட்டி வைத்த களிம்பு

ஜூன் 3, 2024, திங்கள்

ஏழாம் மாதம் என்று பிந்துவை நேற்று புகுந்த வீட்டிலிருந்து குளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். சின்ன வயதிலிருந்தே என் மகளுக்கு எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு. இப்போது முழங்கை மடிப்பும் கழுத்தும் சிவந்திருக்கின்றன. பையில் ஒரு ஸ்டீராய்டு களிம்பு. கூட இருந்த தாளை ஒரு வரி விடாமல் வாசித்தேன். ‘கர்ப்பிணிகள் மருத்துவர் ஆலோசனையுடன் மட்டும்.’ அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

“தோல் டாக்டர் தந்ததாக்கும் அம்மா.”

“அன்னைக்கு வயித்துல பிள்ளை இல்லியே மக்கா.”

அவளுக்கும் பயம்தான்.

ஜூன் 8, சனி

பிந்துவைக் குளிப்பாட்ட, ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் குளிப்பாட்டும் ஓமனக்குட்டி வருகிறாள். “நால்பாமரப் பட்டை போட்டுத் திளச்ச வெள்ளமாக்கும் டீச்சரே. ஒரு சொறியும் நிக்காது, ஓடும்.”

ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகள் கொதித்த அந்த நீரை ஆவி பறக்க ஊற்றினோம். அரை மணி நேரம் சுகம். பிறகு இரட்டிப்பு அரிப்பு.

ஜூன் 12, புதன்

அவள் சொறியச் சொறிய, மாந்தாதே, மாந்தாதே என்கிறேன். இருமுகிற பிள்ளையிடம் இருமாதே என்பது போலத்தான்.

ஜூன் 14, வெள்ளி

முழங்கையில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு. உடம்பு கொதிக்கிறது. “எனக்க பிள்ளைக்கு என்னவாவது ஆயிருமா அம்மா?” — அழுகிறாள். நான் என்ன செய்து வச்சிருக்கேன்? நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

ஜூன் 15, சனி

பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. இதை முதலில் எழுத வேண்டும்.

டாக்டர் ஸ்ரீகுமாரி கேட்டார். “மருந்த ஆரு நிறுத்தினா?”

“நான்தான்.”

“வகுப்புல பிள்ளேரு சந்தேகம் கேட்டா டீச்சர் அடிப்பீங்களா? பின்ன எங்கிட்ட கேக்கதுக்கு என்ன?”

புண்ணில் கிருமி ஏறியிருக்கிறது. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை எழுதினார். எங்கள் களிம்பு மிதமானதாம். சிவந்த இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரை போடலாம். வீரியம் கூடியதை நாமாக வாங்கிப் போடுவதுதான் கூடாது. கொதிநீர் வேண்டாம். இளஞ்சூட்டில் குளித்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத கிரீம். இந்தத் தோல் பூச்சு உதிர்ந்த சுவர் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் அதன்மேல் வெந்நீரை ஊற்றி மிச்சப் பூச்சையும் கழுவியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து கொடுத்தேன். “எனக்க தப்பாக்கும் மக்கா” என்றேன். பிந்து வாங்கி, மூடியைத் திறந்து கழுத்தில் தடவிக்கொண்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

களிம்பை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். பிந்து அப்படித்தான் போடுகிறாள். புண் ஆறிவிட்டது. நேற்று விடியும்வரை உறங்கினாள்.

ஓமனக்குட்டிக்கு மட்டும் வருத்தம். “பட்டையும் வேண்டாம், சூடும் வேண்டாம். பின்ன நான் எதுக்காக்கும் டீச்சரே?”

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்று பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

எல்லோரும் முகச்சாயல் பார்க்கும்போது பிந்து மட்டும் துணியை விலக்கித் தோலைப் பார்த்தாள். “அம்மா, இவளுக்கும் வருமா?”

வராது என்று சொல்லத்தான் வாய் வந்தது. “தெரியாது மக்கா. டாக்டரு வரட்டு, கேப்போம்” என்றேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவள், ‘தெரியாது’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

பிந்து சிரித்தாள். “அப்ப டாக்டரு சொல்லும்போ நீயும் கூட இரு. நான் பாதி மறந்துருவேன்.”