ஒரு முறை தூக்கிய மணல் வாளி

அனுப்புநர்:
மார்த்தாள், க/பெ. ஞானதாஸ்,
கீழக்கொல்லை கிராமம், உத்திரமேரூர் வழி,
செங்கற்பட்டு ஜில்லா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: ஏரி தூர் எடுக்கும் வேலை – உடல் வலு பற்றிய டாக்டர் சான்று – மறுபரிசோதனை கோருவது.

மேன்மைமிக்க ஐயா,

1. எனக்குத் தசை வலுவில் குறைவில்லை, மண் சுமக்கத் தகுதி உண்டு என்று உத்திரமேரூர் ஆஸ்பத்திரி டாக்டர் 5-6-64 தேதியிட்ட சான்றில் எழுதியிருக்கிறார். வேலைத்தல மேஸ்திரி சேட்டு அதை நேற்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். எழுதியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் வராமல் போனதைச் சொல்லவே இந்த மனு.

2. எங்கள் ஏரியில் பெண்கள் கரைச் சரிவில் கீழிருந்து மேல்வரை நின்று மண் கூடையைக் கைமாற்றி ஏற்றுகிறோம். ஒருத்தி நின்றால் வரிசையே நின்றுவிடும்.

3. போன அறுவடை முதல் எனக்குத் தோள், முதுகு, தொடை, பாதம் என்று உடம்பு முழுக்க வலி. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. விடியற்காலையில் விரல் மடங்காது. மகளுக்குத் தலை பின்னத் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடுகிறது. மீதியை அவளே பின்னிக்கொள்கிறாள். வெயில் ஏறினால் உடம்பு சற்று இளகும். அப்போது முதல் கூடையை வாங்கிவிடுவேன். அடுத்தது கனக்கும். அதற்கடுத்தது பிடி நழுவும். எனக்கு மேலே நிற்கும் அம்முலு குனிந்து, என் பங்குக் கூடையையும் தானே எட்டி வாங்குகிறாள். இப்போது அவளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. என் வலியைவிட இது எனக்குப் பெரிய வேதனை.

4. “வீக்கம் கீதா, புண்ணு கீதா? வேலன்னா மட்டும் நோவு வந்துடுது ஒனக்கு” என்று மேஸ்திரி ஏசினார். “நீ ஒரு நாள் எங்க வரிசைல வந்து நில்லு நைனா, அப்பால பேசு” என்று சொன்ன அம்முலுவுக்கும் ஏச்சு கிடைத்தது. வேலை செய்யும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் இல்லை. அதை எனக்குத் தரும்படி கேட்டேன். மண் சுமக்க உடம்பு தாங்காது என்று டாக்டர் சான்று கொண்டுவரச் சொன்னார்கள்.

5. டாக்டர் என்னைப் பார்த்தது உச்சிவேளையில். நெருப்பணைக்க வைத்திருந்த மணல் வாளியைக் காட்டித் தூக்கச் சொன்னார். சிறு வயது முதல் ஒருவர் என்னை ஒன்றைத் தூக்கச் சொன்னால் அது வேலைக்கு ஆள் எடுப்பதற்காகத்தான். தடுமாறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது எதற்கான பரிசோதனை என்பதை மறந்து, பல்லைக் கடித்துத் தூக்கினேன். அவர் “போதும், வை” என்று சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில் உட்கார்ந்தவளை அம்முலுதான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தாள். மறுநாள் தண்ணீர் லோட்டாவை இரண்டு கையாலும் பிடித்தேன். அதைப் பார்க்க டாக்டர் அங்கே இல்லை.

6. ஆகவே, என்னை விடியற்காலையில் ஒரு முறையும், கூடை வரிசையில் நின்ற பிறகு ஒரு முறையும் பார்க்கவும், அதுவரை வேறொருவரைப் பந்தலில் அமர்த்தாதிருக்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். தூக்கச் சொன்னால், இம்முறை கை தளர்ந்ததும் கீழே வைத்துவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

7. ஜில்லா ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் வருவதாகக் கம்பவுண்டர் சொல்கிறார். தங்கள் உத்தரவு இருந்தால்தான் என்னைப் பார்ப்பாராம். பந்தலுக்கு 22-ந் தேதி திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள். உத்தரவு வரும்வரை நான் வரிசையில்தான் நிற்கிறேன், அம்முலுவுக்குக் கீழே.

இடம்: கீழக்கொல்லை
தேதி: 9-6-1964

மார்த்தாள்
(இடது பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லக் கேட்டு எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டியவர்: சா. ஐசக்