தபிதாள் பரிமாறியது

4 மார்ச் 1946, திங்கள்
நோய் வந்து இருபத்தாறாம் நாள். இடக்கை இன்னும் மரக்கட்டைதான். வலக்கை பிழைத்தது, எழுத முடிகிறது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை மைத்துனன் ஜெபதாஸ் பார்த்துக்கொள்கிறான். எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். தபிதாளுக்குத் தம்பி என்றால் உயிர்.

9 மார்ச்
மதியம் வெறும் சோறும் ரசமும். கருவாட்டு வாசனை வீடு முழுக்க. என் தட்டில் இல்லை.

10 மார்ச்
இன்றும் அப்படியே. கேட்டேன். "தட்டுல வச்சிருக்கேனே, பாருங்க" என்றாள் தபிதாள். பார்த்தேன். இல்லை. முகத்துக்கு நேரே பொய். இருபத்திரண்டு வருஷத்தில் இவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை — அல்லது கேட்டும் தெரியாமல் இருந்தேனா?

16 மார்ச்
நானே சவரம் செய்துகொண்டேன். ஜெபதாஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். சிரிக்கத்தான் செய்வான், என் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்றே. ரேஷன் அரிசிக்கு ஒரு வாய் குறைந்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதான்.

24 மார்ச், ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் சொல்லிவிட்டேன். "என்னைப் பட்டினி போட்டுக் கொல்றா. நான் போனா வேலை இவ தம்பிக்கு!" எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து துணிகளை மூட்டை கட்டினாள். "நைனா வீட்டுக்குப் போறேங்க. பள்ளிப்பட்டுல என்னை யாரும் கொலைகாரின்னு சொல்லமாட்டாங்க." ஜெபதாஸும் கூடவே போனான்.

போகட்டும்.

26 மார்ச்
சமைத்துப்போட என் தங்கை கிருபா கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்திருக்கிறாள்.

29 மார்ச்
கிருபாவும் அதே வேலை செய்கிறாள். சோறு, ரசம். கூடப்பிறந்தவளுமா!

2 ஏப்ரல்
கிருபா அழுதுகொண்டே போய், மிஷன் டாக்டரம்மா லோயிஸைக் கூட்டி வந்தாள். நான் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

"போதுமா ஐயா?"

"இருந்தாத்தானே சாப்பிடறதுக்கு?"

அவர் என் தட்டை அரைவட்டம் திருப்பினார். கத்தரிக்காய்ப் பொரியல். இரண்டு துண்டு கருவாடு. பாதிச் சோறு, ஆறிப்போய். என் கையைப் பிடித்து இடக் கன்னத்தில் வைத்தார். தாடி. வலக் கன்னம் மழமழவென்று இருந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. மூளையில வலப்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைச்சுகிச்சு. அதனால இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியல."

"சரியாவுமா?"

"அடைச்ச இடத்தைச் சுத்தி மயிரிழை மாதிரி சின்னக் குழாய்ங்க இருக்குது. அதுங்க விரிஞ்சு, சுத்துவழியா ரத்தத்தைக் கொண்டுபோவும். சாகாத எடத்தைக் காப்பாத்தப் பாக்கும். எவ்வளவு தூரம்னு என்னால சொல்ல முடியாது."

இந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் வலப்பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேனாம்.

3 ஏப்ரல்
"பார்த்தேன். இல்லை." நான் எழுதியதுதான். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பேச்சை விட்டுவிட்டு என் தலையை நம்பினேன். அது இப்படிப் பொய்ச்சாட்சி சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் சபையில் கத்தியது எந்தக் குழாய்? அது நான்தானே.

21 ஏப்ரல், ஈஸ்டர்
சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தபிதாள் இல்லை. ஜெபதாஸ் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போனான்.

30 ஏப்ரல்
தபிதாள் வந்துவிட்டாள். "சபையில சொன்னீங்களாம்" என்றாள். அவ்வளவுதான். நேரே அடுப்பங்கரைக்குப் போனாள்.

12 ஜூன்
மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் யாரோ நிற்பது தானாகவே தெரிந்தது. திரும்பினேன். தபிதாள், கையில் காபி டம்ளரோடு.

"நீ வந்தது தெரிஞ்சுது! யாரும் சொல்லல, நானே பார்த்தேன்!"

"நல்லதுங்க" என்றாள். டம்ளரை என் வலப்பக்கம் வைத்துவிட்டு, கொடியில் துணி கிடக்கிறது என்று வெளியே போய்விட்டாள்.