தட்டை இறக்கை

1968 மே 12, சின்ன காஞ்சிபுரம். முனிரத்தினம் எழுந்தபோது மனைவி கங்கையம்மாள் வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டிருந்தாள். பானை மேல் சீட்டு இருந்தது.

“சோறு இருக்குது, குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. சாவியைப் பக்கத்து லில்லி வீட்ல குடுங்க.

இன்னிக்குப் பந்தயத்துல நீங்க உடப்போற பொம்மை விமானத்துக்கு இறக்கை நுனி ரெண்டு விரல் தூக்கியிருந்தாத்தான் சாஞ்சாலும் தானா நிமிரும்னேன். பழைய பந்தய விமானப் படத்துல தட்டையாத்தான் இருக்குதுன்னீங்க. ‘கரண்டி புடிக்கிறவளுக்கு இன்னா தெரியும்’னு சிநேகிதங்க எதிர்ல சிரிச்சீங்க. உங்க இஷ்டப்படியே தட்டையா ஒட்டிட்டேன்.

மறந்துட்டேன்: கதவு பின்னால சாக்கு வச்சிருக்கேன். பொறுக்கினு வர உதவும்.”

மாலையில் தென்னேரிப் பந்தயத்தில், முதல் திருப்பத்திலேயே விமானம் சாய்ந்தது, நிமிரவில்லை. முனிரத்தினம் நொறுங்கிய குச்சிகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு திரும்பினான். மறுநாள் ஊரிலிருந்து வந்த கங்கையம்மாள் அந்தக் குச்சிகளை எரித்து வெந்நீர் போட்டாள்.