ராசு மாமாவின் கூடையில் பாதரசம்

என் ஆசை அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் லயத்து வீட்டுவரிசைச் சேவல் இன்று நடுப்பகலில்தான் கூவியது. பனிமூட்டத்தில் விடிந்ததே அதற்குத் தெரியவில்லையாம். குன்னூரில் இப்போது தேயிலைச் செடியெல்லாம் தண்ணீருக்கடியில் நிற்பது போலிருக்கிறது. உள்ளேயிருந்து நீங்கள் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதாக நினைத்துக்கொள்வேன். செத்துப்போனவர்களுக்கு அங்கே மீன் கிடைக்கிறதா அப்பா?

இங்கே யாரும் மீன் வாங்குவதில்லை. நிறுத்தியதே உங்கள் மகன்தான்.

அக்கரைத் தோட்டத்தை விட்டுக் கப்பலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ராசு மாமா, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மீன்கூடை கொண்டு வருவாரே. மூன்று வாரத்துக்கு முன் அவரிடம் வாங்கிய மீனைக் கழுவும்போது பொன்னம்மா அக்காவின் தங்க மோதிரம் வெள்ளையாகிவிட்டது. லயமே கூடிவிட்டது. இது பாதரசம், யாரும் தின்னாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். எங்கேயோ கடலோரத்தில் ஆலைப் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களுக்குக் கைகால் விளங்காமல் போன கதையையும் எடுத்துவிட்டேன். எல்லா மீனையும் குழிதோண்டிப் புதைத்தார்கள். கங்காணி டீ வாங்கிக் கொடுத்து, "ஒங்கப்பன் பேரக் காப்பாத்திட்டடா" என்றார்.

மாமா இன்னும் ஞாயிறுதோறும் வருகிறார். கூடையைத் திறந்து வைத்தால் பனிதான் உள்ளே இறங்குகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச புள்ள. எங் கூடைக்குள்ள அது எப்புடித் தம்பி வந்துச்சு?"

"கடல்லேயே கலந்திருக்கும் மாமா."

"அந்தக் கடல்லதான ஒங்கப்பனும் நானும் வந்தோம்" என்று சொல்லி, வெறுங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அப்பா, அது கடலிலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து மைப்புட்டியில் பிடித்து வந்தது. உள்ளங்கையில் உருட்டினால் நிலாக்குஞ்சு மாதிரி ஓடும். மீனுக்கு வெள்ளிப்பல் கட்டிப் பார்க்கலாமென்று, மாமா திரும்பிய நேரத்தில் ஒரு மீன் வாயில் விட்டேன். மோதிரத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரிந்தது. தின்னாதீர்கள் என்று கத்தியது அறிவால் இல்லை, பயத்தால்.

நாளைக் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். சத்தியம். நீங்கள் பனிக்குள் எங்காவது நில்லுங்கள். கங்காணியின் டீயைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, குடித்துவிட்டேன்.

உங்கள் இளைய மகன்,
நாளைக்குப் பிறகும் ராசு மாமாவுக்கு மருமகன்தானா என்று தெரியாத
சுந்தரம்