குமிழைக் கழற்றி ஒளித்தவனுக்கு

எலே பிரைட்டு, என் தங்கமே, கோபம் தணியாமல்தான் எழுதுகிறேன்.

நீ கடைசியாக வரைந்த சிப் தயாராகி வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்க நீ இல்லை. நானே சோதித்துப் பார்த்தேன். அந்த ஒரு மின்னோட்டத்தை யாரைக் கேட்டுப் பாதியாக்கினாய்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் நம் சண்டை விளங்க வேண்டுமே. துகள் பிடிக்கும் நம் கருவியில், சிலிக்கான் தகடு வழியாக ஒரு துகள் பாய்ந்தால் துளியூண்டு மின்னூட்டம் மிஞ்சும். அதைப் பெருக்கிப் படிப்பது நம் சிப்பின் வேலை. மூடிய பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் குடித்தாலே உள்ளே சூடு தாங்காது. ஆகவே மின்னோட்டத்தைக் குறை, குறை என்று நீ. ரொம்பக் குறைத்தால் எது துகள், எது வெறும் இரைச்சல் என்றே தெரியாது என்று நான். குளத்தூர்க்காரி நானும் வெள்ளறடைக்காரன் நீயும் ஊர்ப்பேச்சில் கத்த ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"அக்கா, உங்க கையில குடுத்தா கூட்டிப்போடுவீங்க. நான் பூட்டிப்போடுவேனாக்கும்" என்றாய். விளையாட்டு என்று நினைத்தேன். பாவி, நிஜமாகவே பூட்டிவிட்டாய். வெளியிலிருந்து மாற்ற ஒரு வழியும் வைக்கவில்லை.

புதுத் தகட்டில் உன் சிப் அருமையாக ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கதிர்வீச்சில் அடிபட்ட பழைய தகட்டை மாட்டினேன். ஒரே இரைச்சல். துகளே வராதபோதும் வந்தது, வந்தது என்கிறது. கருவிக்குள் போனால் எல்லாத் தகடும் ஒருநாள் அப்படித்தானே ஆகும்? பழையதில் ஒரு தடவை அளந்து பார்க்க உனக்கு என்ன கேடு?

இதைவிடக் கொடுமை, நம் குழுவில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரைட் நினைவாக அப்படியே அனுப்புவோம்" என்கிறார்கள். பழைய தகட்டின் அளவுகளை நான் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. திங்கட்கிழமை கூட்டம். சொன்னால், செத்தவனைக் குறை சொன்னவள் நான். சொல்லாவிட்டால், மாட்டி மூடியபின் வருஷக்கணக்கில் யாரும் திறக்க முடியாது. என்னை எப்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய் பார்!

போன ஞாயிறு உன் வீட்டில் நினைவு ஜெபம். முடிந்ததும் உன் மனைவி ஷீபா கேட்டாள்: "அக்கா, அவருக்க சிப்பு ஓடுதா?"

"ஓடுது மக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புழுக்கம் வேறு. ஃபேனைக் கூட்டலாமென்று போனால், ரெகுலேட்டரில் குமிழே இல்லை.

"ரெண்டுக்கு மேல வைக்கப்பிடாதுன்னு அவருதான் கழற்றி ஒளிச்சு வச்சாரு. அவரு வேலைக்குப் போனதும் நான் கட்டிங் பிளேயர் வச்சுத் தண்டைத் திருப்புவேன். வருமுன்ன குறைச்சிருவேன். குமிழு எங்க உண்டுன்னு எனக்குத் தெரியும். ஜெயிச்சதா நெனைக்கட்டும்னு எடுக்கல்ல."

சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குமிழில்லாத ரெகுலேட்டரைப் பார்த்தபடி சொன்னாள்:

"இங்கயும் அப்படித்தான். டிசம்பர் மாசம் கிடந்து பாத்துட்டு ரெண்டே போதும்பாரு. மே மாசம் வேர்த்தது நானும் பிள்ளையளுமாக்கும். நீங்க சொல்லுங்க அக்கா. அவருக்க பேரைச் சொல்லி யாரும் வேர்க்கண்டாம்."

எழுந்து போய், அலமாரியில் உன் ஆணி டப்பாவைக் கவிழ்த்து, குமிழை எடுத்து வந்தாள். தண்டில் அழுத்தி மாட்டினாள். நாலில் வைத்தாள். அதன்பின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை எல்லா அளவையும் மேசையில் வைப்பேன், பிரைட்டு. அடுத்த சிப்பில் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கும். முதலில் நீ வைத்த அளவில்தான் ஓடத் தொடங்கும். தகடு பழசாகும்போது மட்டும் கூட்டுவோம். இது சத்தியம். நான் ஜெயித்துவிட்டேனடா. இல்லை என்று கத்த நீ இல்லாமல், இதெல்லாம் ஒரு ஜெயமா?

உன்னோடு சண்டை தீராத,
குளத்தூர் அக்கா