இல்லை என்று சொன்ன அந்த வாரம்

என் வாய்த்துடுக்கையெல்லாம் பொறுத்துக்கொண்ட அத்தைக்கு,

புதுக்கோட்டையில் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். ரத்தம் ஏதும் பட்டிருக்கிறதா என்று நாலு தடவை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டேன். உங்கள் மகன், "செத்த சும்மா உக்காரு செல்வி, எனக்குத் தலை சுத்துது" என்கிறார். அவருக்கென்ன!

ஆமாம் அத்தை, விசேஷம்தான். ஐந்து வருஷமாக மாசம் தவறாமல் நீங்கள் கேட்டது.

நீங்கள் கண்ணை மூடுவதற்கு முதல் நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டீர்களே, "ஏத்தா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று. "ஒண்ணுமில்லங்க அத்தை, இதையே கேட்டு உசுர வாங்காதீங்க" என்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்துதான் டாக்டரம்மா வாரம் எண்ணுகிறார். அந்தக் கணக்கில் அன்றைக்கு எனக்கு மூன்றாவது வாரம். கரு குழாய் வழியாக இறங்கி, கருப்பையில் ஒட்டிக்கொள்ள இடம் பார்த்த நேரமாம். டெஸ்ட் எடுத்திருந்தாலும் காட்டியிருக்காதாம். நான் பொய் சொல்லவில்லை அத்தை, என் உடம்பு என்னிடமே சொல்லவில்லை.

உங்கள் கருமாதியின்போது மார் கனத்து வலித்தது. ரசம் தாளிக்கிற வாசத்துக்கே குமட்டியது, நின்றபடியே தூக்கம் வந்தது. "மாமியாருக்காக இப்புடி உருகுற மருமகள இங்கிட்டு எங்கயும் பாத்ததில்ல" என்று சொந்தமெல்லாம் மெச்சியது. நானும் துக்கம் என்றுதான் நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்? முதல் சில நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது, கேட்க ஆளில்லையே என்று. இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆறாவது வாரத்தில் முதல் ஸ்கேன். "பை தெரியுது, துடிப்பு இன்னும் தெரியல. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் சாவில் பட்டினி கிடந்தேனே, ஈரத்தலையோடு அழுதேனே, அதில் ஏதும் ஆகியிருக்குமா? ஆகாது என்கிறார் டாக்டரம்மா. மனசு கேட்கணுமே! குமட்டினால் பயம், குமட்டாவிட்டால் அதைவிடப் பயம்.

உங்கள் மகனைத் தவிர இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "ஆத்தாதான் திரும்பி வருது" என்பார்கள். வேண்டாம் அத்தை, நீங்கள் அங்கேயே சுகமாக இருங்கள். இது இதுவாகவே வரட்டும்.

என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். துடிப்பு இருந்தால் வீட்டுக்குப் போனதும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். இல்லையென்றாலும் உங்களிடம்தான் வந்து அழுவேன். வேறு யாரிடம் போய் அழ? இது சத்தியம்.

உங்கள் மருமகள்,
செல்வி