இஸ்க்ராவுக்கு வேகவைத்த கோதுமை

கப்ரோவோ,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அங்கே மழை விடுவதே இல்லையாமே, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, தோளில் கொஞ்சம் தொளதொள என்றிருக்கிறது, இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லிப் பார்த்தேன், முடியாமல் வைத்துவிட்டேன். எதிர்வீட்டு டோன்காவைப் பற்றிய விஷயம், உன் ஞானத்தாயைப் பற்றியது.

நாங்கள் இருவரும் பார்க்கிற அந்த ஆஸ்பத்திரி சீரியல் உனக்குத் தெரியும். அதில் இரண்டு டாக்டர்கள், இஸ்க்ரா என்கிற வாயாடி, நெவேனா என்கிற அழுமூஞ்சி. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள், சண்டை போடுவார்கள், ஒருத்திக்கு ஒன்றென்றால் மற்றவள் துடித்துப்போவாள். தான்தான் இஸ்க்ரா, நான் நெவேனா என்று டோன்கா எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள். நான் அழுமூஞ்சியா என்று கேட்டால், "பின்னே, வெங்காயம் இல்லாமலே அழறவ நீதானேடி" என்பாள். ஜனவரியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவள் மகன் பிளாமென் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தவன் என்னைப் படிக்கட்டில் மறித்து, "அத்தை, வயித்துல புற்றாம், ஈரல் வரைக்கும் போயிடுச்சாம். அம்மாவுக்குத் தெரியவே கூடாது, வெறும் புண்ணுன்னே சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நம் ஊரில் நோயாளியிடம் யார்தான் சொல்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு ஆளிவிதைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண் ஆறிவிடும் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

பார் மகளே, விதி எப்படி விளையாடுகிறது என்று. சீரியலில் இஸ்க்ராவுக்கும் அதே நோய் வந்தது. பரிசோதனை முடிவு முதலில் நெவேனா கைக்குத்தான் வந்தது, அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அந்தப் படிக்கட்டிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் டிவியை அணைக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது டோன்கா என் பக்கம் திரும்பி, "நீயா இருந்தா சொல்லுவியா?" என்றாள். கெட்டது அண்டாமலிருக்க மேசையின் அடியில் மூன்று தட்டு தட்டி, "உனக்கென்னடி கேடு, புண்ணு ஆறிட்டு வருது" என்றேன். அவள் வால்நட்டை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

சில வாரங்களில் இஸ்க்ரா செத்துப்போனாள். மறுநாள் காலையில் பார்த்தால் டோன்கா செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரியே கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் தூவி, கோயிலுக்குக் கொண்டுபோய்ச் பாதிரியாரிடம் தூபம் போட்டு வாங்கி வந்திருக்கிறாள். எந்த இஸ்க்ரா என்று பாதிரியார் கேட்டாராம், பக்கத்தில் நின்ற அவர் மனைவியே மூக்கைச் சிந்திக்கொண்டு, "நம்ம டாக்டரம்மாதான், போடுங்க" என்றாளாம். கிண்ணம் கிண்ணமாக மாடி மாடியாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் என் வாசலுக்கு வந்தாள். எனக்குச் சிரிப்பும் கோபமுமாக வந்தது. "பைத்தியமாடி உனக்கு, அந்த நடிகை நேத்துகூட வேற சேனல்ல மீன் வறுத்துக்கிட்டிருந்தா" என்றேன். ஆனாலும் இறந்தவர் பேரில் கொடுப்பதை மறுக்கலாமா, வாங்கிக்கொண்டு, "கடவுள் இஸ்க்ராவை மன்னிப்பாராக" என்று முறைப்படி சொன்னேன். அவள் போகவில்லை. "அவ கிடக்கிறா, நல்லாத்தான் இருக்கா. இப்போ என் பேரைச் சொல்லிச் சொல்லுடி. அப்புறம் நீ சொல்றப்போ எனக்குக் கேக்காது" என்றாள்.

புண், கஞ்சி என்று ஏதோ உளறினேன். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் சொன்னேன் ரலிட்சா, உயிரோடு கண்ணெதிரே நிற்கிறவளைப் பார்த்து, கடவுள் டோன்காவை மன்னிப்பாராக என்று சொன்னேன். பிறகு இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அந்தக் கோதுமையை ஒரே கரண்டியால் தின்றோம். "பிளாமென்கிட்ட சொல்லிடாதே, பாவம், அவன் என் முன்னாடி சிரிக்கப் படாத பாடு படறான்" என்றாள். ஆகவே நீ போன் செய்தால் அவன் எதிரில் புண் என்றே பேசு. அவளிடம் தனியாகப் பேசும்போது மட்டும் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஈஸ்டருக்கு டிக்கெட் விலை அதிகம் என்று சொன்னாய். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே வா. ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்றவள், அவளே எழுந்து வந்து கதவைத் திறக்கும்போதே வந்துவிடு. கடவுளின் தாய் உங்கள் இருவரையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. போன செவ்வாய்க்கிழமை சீரியலில் நெவேனாவுக்குப் புதிதாக ஒரு சிநேகிதியைக் கொண்டுவந்துவிட்டார்கள், சின்ன வயசு, நன்றாகத்தான் நடிக்கிறாள். டோன்கா உற்றுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடி, நல்லவளாத்தான் தெரியறா. நீயும் யாரையாச்சும் பார்த்து வெச்சுக்கோ" என்றாள். அறுபத்தெட்டு வயதில் நான் யாரைத் தேடுவேன், மகளே?

உன் அம்மா,
வெலிச்கா